ராத்திரி இரண்டு மணிக்கு யார் உபயம்?

கடல் கடந்து வாழும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளின் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். இந்த வருட நன்கொடைக்கு என்ன மெஷின் வேண்டும் என்று கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதத்தை எங்கள் டாக்டரம்மா என் மேஜையில் வைத்து, "நீங்களே பதில் எழுதிடுங்க, நான் எழுதினா கோபமா வந்துடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் கொஞ்சம் கோபம் உண்டுதான், ஆனால் பதினெட்டு வருடமாக இந்த ஆஸ்பத்திரியில் கணக்கும் ஸ்டோரும் பார்க்கிறவன், கோபத்தைக்கூட வரவு செலவு போட்டுப் பார்த்துதான் படுவேன். இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் ஊரறிய எழுதுவதற்குக் காரணம், இதே கேள்வி இதே மாதத்தில் இன்னும் மூன்று இடங்களிலிருந்து வந்திருக்கிறது. நாலு பேருக்கும் ஒரே பதில்தான், நாலு தடவை எழுத எனக்கு நேரமில்லை.

முதலில் நன்றி. இது சம்பிரதாயத்துக்குச் சொல்வதில்லை. 2021இல் கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது நீங்கள் அனுப்பிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர்கள் இல்லாவிட்டால் இந்த மலையடிவாரத்தில் சில வீடுகளில் இன்றைக்கு மாலை போட்ட படம் தொங்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பின்னாலும் வருடா வருடம் எங்களை நினைவில் வைத்துக் கேட்கிறீர்கள். கேட்காமலே அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களைப் பற்றிக் கீழே வருகிறேன்.

சரி, பதில் இதுதான். மெஷின் வேண்டாம். இந்த வருடம் எங்களுக்கு ராத்திரி வேண்டும்.

கேட்க விசித்திரமாக இருக்கும், அதனால் ஒரு ராத்திரியைச் சொல்லிவிடுகிறேன். போன மழைக்காலத்தில் ஒரு நாள், மும்முனைக் கரண்ட் அப்போதுதான் வருகிறது என்று மோட்டார் போடப் போனவரைப் பாம்பு கடித்துவிட்டது. பைக்கில் ஓட்டுபவருக்கும் பின்னால் பிடித்துக்கொண்டவருக்கும் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். கண்ணாடி விரியனாக இருக்கலாம் என்றார்கள், பாம்பை யாரும் சரியாகப் பார்க்கவில்லை. மணி ஒன்றே முக்கால் இருக்கும். ஸ்டோர் சாவி என்னிடம் இருந்ததால் என்னையும் வீட்டிலிருந்து எழுப்பியிருந்தார்கள். நான் போனபோது டியூட்டி சிஸ்டர் இரண்டு மில்லி ரத்தம் எடுத்து ஒரு புதுக் கண்ணாடிக் குழாயில் விட்டு மேஜை மேல் நிறுத்திவிட்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். இருபது நிமிடம் அந்தக் குழாயை யாரும் தொடக் கூடாது, ஆட்டிப் பார்க்கக் கூடாது. பிளாஸ்டிக் குழாய் ஆகாது, சோப்பு போட்டுக் கழுவிய பழைய குழாயும் ஆகாது, இரண்டுமே பொய் சொல்லிவிடும். கூட வந்த மச்சான் ஒருவர், "என்னம்மா சும்மா கடிகாரத்தப் பாத்துட்டு நிக்கிறீங்க, ஊசியப் போடுங்க" என்று கத்தினார். சிஸ்டர் சும்மா நிற்கவில்லை. காலில் வீக்கம் எது வரைக்கும் ஏறியிருக்கிறது என்று பேனாவால் கோடு போட்டார், இமை இறங்குகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தார், ஈறில் ரத்தக் கசிவு இருக்கிறதா என்று பார்த்தார். இருபது நிமிடம் ஆனதும் குழாயை ஒரே ஒரு தடவை சாய்த்தார். உறைந்திருக்க வேண்டிய ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது, விஷம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம்.

அதற்கப்புறம்தான் விஷமுறிவு மருந்து. அது தூளாக வரும் குப்பி, ஒவ்வொன்றாகத் தண்ணீர் விட்டுக் கரைக்க வேண்டும், அவசரத்தில் குலுக்கினால் நுரைத்துவிடும், உள்ளங்கையில் வைத்து மெதுவாகச் சுழற்ற வேண்டும். பத்துக் குப்பி. நானும் இரண்டு குப்பி சுழற்றினேன், வேறு கை இல்லை. மருந்தே ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் டாக்டரம்மா அட்ரினலினை ஊசியில் ஏற்றிக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலை விட்டு நகராமல் நின்றார். இது முடிந்து ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் அதே ரத்தம், அதே கண்ணாடிக் குழாய், அதே இருபது நிமிடம். அதாவது அந்த ராத்திரி காலை எட்டு மணிக்கு மேலும் முடியவில்லை.

இதில் என்ன மெஷின் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு கண்ணாடிக் குழாய், சுவரில் ஒரு கடிகாரம். அவர் இன்றைக்கும் வரப்பில் நடந்து போகிறார் என்றால் அந்த நேரத்தில் மூன்று பேர் தூங்காமல் இருந்தார்கள், ஸ்டோரில் பத்துக் குப்பி தேதி தாண்டாமல் இருந்தது, அவ்வளவுதான். இந்த மூன்று பேர் தூங்காமல் இருப்பதற்குப் பணம் தருகிறேன் என்று இத்தனை வருடத்தில் யாரும் எனக்குக் கடிதம் எழுதியதில்லை.

கணக்கைச் சொல்கிறேன், என் தொழில் அதுதானே. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஒரு சிஸ்டர் வாரத்தில் ஆறு நாள், நாளைக்கு எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் 48 மணி நேரம். வகுத்துப் பாருங்கள், மூன்றரை வருகிறது. வார்டில் ஒரே ஒரு நாற்காலி எந்நேரமும் காலியாகாமல் இருக்கவே மூன்றரை ஆள் வேண்டும், அதுவும் யாருக்கும் காய்ச்சல் வராமல், யார் வீட்டிலும் கல்யாணம் காதுகுத்து நடக்காமல், யாரும் பிள்ளை பெறாமல் இருந்தால். நடைமுறையில் நாலு பேர், நிம்மதியாக மூச்சு விட ஐந்து பேர். எங்களுக்கு அப்படி மூன்று நாற்காலிகள் இருக்கின்றன: வார்டு, பிரசவ அறை, அவசரப் பிரிவு. பன்னிரண்டிலிருந்து பதினைந்து பேர். இப்போது ஒன்பது பேர் இருக்கிறார்கள். அந்த இடைவெளியை யார் நிரப்புகிறார்கள் என்று கேட்காதீர்கள், நேற்று பகல் முழுக்க வேலை பார்த்த பெண்ணே ராத்திரியும் உட்கார்ந்திருப்பாள்.

பகலுக்கு வருமானம் உண்டு. காய்ச்சல், சர்க்கரை, பிரஷர், பல் வலி என்று வருகிறவர்கள் முடிந்ததைக் கொடுக்கிறார்கள், அதில் பகல் ஓடிவிடும். ராத்திரி அப்படியில்லை. சில ராத்திரிகளில் ஒருத்தரும் வருவதில்லை. ஒருத்தரும் வராத ராத்திரிக்கும் சம்பளம் கொடுத்தால்தான் ஒருவர் வரும் ராத்திரியில் ஆள் இருக்கும், இது தீயணைப்பு நிலையத்துக்குத் தெரிந்த கணக்கு, நன்கொடையாளர்களுக்கு மட்டும் எப்படியோ புரிவதில்லை.

மெஷினுக்கு வருவோம். வேண்டாம் என்று சொன்னதும் உங்களில் சிலருக்கு வருத்தமாக இருக்கும், அதனால் என் ஸ்டோருக்குள் ஒரு சுற்று அழைத்துப் போகிறேன். இடது பக்கம் இருப்பது ரத்தப் பரிசோதனை அனலைசர், நல்ல கம்பெனி, நன்றாக வேலை செய்யும், அதற்கான ரீஏஜென்ட்டை, அதாவது சோதனை ரசாயனத்தை, அந்தக் கம்பெனியிடம் மட்டும்தான் வாங்க வேண்டும், வாங்கிக் கட்டுப்படியாகாமல் நிறுத்திவிட்டோம். அதற்குப் பின்னால் போர்வை போர்த்தி இருப்பது ஒரு மானிட்டர், பேட்டரி போய்விட்டது, அந்த மாடல் இப்போது தயாரிப்பில் இல்லை. கான்சன்ட்ரேட்டர்களில் பாதி ஓடுகின்றன, மீதியில் காற்றை வடிக்கும் சல்லடைத் தூள் ஈரம் வாங்கிவிட்டது. மெஷின் கொடுத்த எவரும் ஏஎம்சி, அதாவது வருடாந்திரப் பராமரிப்புச் செலவு, கொடுத்ததில்லை, ஸ்டெபிலைசர் கொடுத்தவர் ஒரே ஒருவர், அவர் ஓய்வு பெற்ற மின்வாரிய லைன்மேன். இந்த ஊர்க் கரண்ட்டைப் பற்றித் தெரிந்தவர்.

எங்கள் ஸ்டோர் மட்டும் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள். 2011இல் வந்த ஓர் ஆய்வில் 16 ஏழை நாடுகளின் ஆஸ்பத்திரிகளில் இருந்த 1 லட்சத்து 12 ஆயிரம் கருவிகளின் பட்டியலைப் பார்த்தார்கள், அதில் 38 சதவீதத்துக்கு மேல் ஓடவில்லை. முக்கியமான காரணங்கள் மூன்று: பழக்கப்பட்ட ஆள் இல்லை, பராமரிப்பு இல்லை, கரண்ட் தண்ணீர் மாதிரி அடிப்படை வசதி சரியில்லை. மருந்து நன்கொடைக்கும் இதே கதைதான். வந்து சேரும்போது குறைந்தது ஒரு வருடமாவது ஆயுள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே வழிகாட்டுதல் போட்டது, அதற்குப் பிறகும் எனக்கு இரண்டு மாதத்தில் காலாவதியாகப்போகும் இருமல் மருந்து பெட்டி பெட்டியாக வந்திருக்கிறது. அதை அழிப்பதற்கு நான் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பது அனுப்பியவருக்குத் தெரியாது.

ஒரு ஸ்கேன் மெஷின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. கேட்காமலே வந்தது அது. விழா, ரிப்பன், பெயர் பொறித்த பளிங்குக் கல் எல்லாம் ஆயிற்று. ரிப்பன் வெட்டியவர், போட்டுத்தான் காட்டுங்களேன் என்றார். போட முடியாது. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994ஆம் வருடச் சட்டப்படி ஒவ்வொரு ஸ்கேன் மெஷினையும் மாவட்ட அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், அதை இயக்கும் டாக்டருக்கும் உரிய தகுதி இருக்க வேண்டும், பதிவில்லாமல் ஓட்டினால் மெஷினுக்குச் சீல் வைப்பார்கள். நல்ல சட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கொடுத்தவர்கள் அதைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை. நான் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வோல்டேஜ் சரியில்லைங்க என்று சொல்லிச் சமாளித்தேன். எக்ஸ்ரே மெஷின் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் லைசென்ஸ், சுவர் இத்தனை கனம் இருக்க வேண்டும் என்று அதற்கு வேறு ஒரு பட்டியல்.

கோயில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயரை எழுதி எழுதி வெளிச்சமே வராமல் போன தமாஷ் நம் எல்லாருக்கும் தெரியும். நான் கேட்பது, கரண்ட் பில்லில் ஏன் ஒருவரும் உபயம் என்று எழுதிக்கொள்வதில்லை?

ஆனால் ஒரு விஷயம் சொன்னால் நீங்களே ஆச்சரியப்படுவீர்கள், நம் ஆட்கள் எப்போதுமே இப்படி இருந்ததில்லை. சோழர் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலுக்கு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, வைக்கிறவர் விளக்கை மட்டும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. கூடவே 90 ஆடோ 96 ஆடோ கொடுத்தார். அந்த ஆடுகளை ஓர் இடையரிடம் ஒப்படைத்து, தினமும் ஓர் உழக்கு நெய் கொண்டுவந்து அளக்க வேண்டும் என்று கல்லில் வெட்டி வைத்தார். ஆடு செத்தால் குட்டி நிற்கும், கிழடானால் இளசு நிற்கும், எண்ணிக்கை குறையாது, அதனால் அதற்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். விளக்கு ஒரு தடவைச் செலவு, நெய் தினசரிச் செலவு என்று ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே தெளிவாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு விளக்குகள் வந்து குவிந்துகொண்டே இருக்கின்றன, ஒரு ஆட்டுக்குட்டியைக்கூடக் கண்ணில் காணோம்.

ஆஸ்பத்திரி உதாரணமே வேண்டுமா, அதுவும் இருக்கிறது. காஞ்சிபுரத்துப் பக்கம் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடல் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது, 11ஆம் நூற்றாண்டு. அதில் வீரசோழன் என்ற பெயரில் ஓர் ஆதுலர் சாலை, நம் பேச்சில் ஆஸ்பத்திரி, 15 படுக்கை. அது ஊருக்கெல்லாம் பொதுவானது இல்லை, கோயிலையும் அங்கிருந்த வேதபாடசாலையையும் சேர்ந்தவர்களுக்கானது, அதைச் சொல்லிவிடுகிறேன். என்னை அசத்தியது எது தெரியுமா, கட்டடத்தைப் பற்றிப் பெருமை பேசாமல் அது ஆள் கணக்கு எழுதுகிறது. வைத்தியர் ஒருவர், அறுவைச் சிகிச்சை செய்கிறவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், மருந்து காய்ச்சிப் பணிவிடை செய்யப் பெண்கள், தண்ணீர் ஊற்ற ஓர் ஆள், இவர்களுக்குத் தர வேண்டிய நெல் இவ்வளவு, காசு இவ்வளவு என்று வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். கையிருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. அதை முதன்முதலில் படித்தபோது இது என் ஸ்டாக் ரெஜிஸ்டரும் சம்பளப் பட்டியலும்தானே என்று நினைத்தேன். சம்பளத்தைக் கல்லில் வெட்டிய வம்சத்தில் வந்துவிட்டு, சம்பளத்துக்கு நன்கொடை கேட்டால் "அது ரெக்கரிங் ஆச்சே சார், எங்க பாலிசி கேப்பிட்டல் மட்டும்தான்" என்கிறார்கள்.

வேலூர் சிஎம்சி கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் இளம் பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து, மனைவி பிரசவத்தில் கஷ்டப்படுகிறாள், வாருங்கள் என்று கேட்டார்கள். அவருக்கு வைத்தியம் தெரியாது, அவருடைய அப்பாவான ஆண் டாக்டரை அவர்கள் உள்ளே விடத் தயாரில்லை, விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அமெரிக்கா போய் டாக்டராகித் திரும்பி வந்தார். 1902இல் வேலூரில் எழுந்த 40 படுக்கை ஆஸ்பத்திரிக்கு நியூயார்க்கில் ஒரு வங்கிக்காரர், இறந்துபோன தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார், மனைவி பெயரில்தான் அது இன்றும் இருக்கிறது. ஆகவே பெயர் போட்டுக் கட்டடம் கொடுப்பது தப்பே இல்லை, சில நேரம் அங்கிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. நான் அந்தக் கதையில் கவனிப்பது வேறு. கதவு தட்டப்பட்டது ராத்திரியில்.

அப்புறம், "அரவிந்த் கண் ஆஸ்பத்திரி மாதிரி நடத்தலாமே, நன்கொடையே தேவைப்படாதே" என்று உங்கள் பொருளாளர் ஒரு வரி எழுதியிருந்தார். இதை எம்பிஏ படித்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். டாக்டர் வெங்கடசாமி 1976இல் பதினோரு படுக்கையோடு மதுரையில் தொடங்கியதை இந்த அளவுக்குக் கொண்டுவந்தது பெரிய காரியம், பணம் கட்டுகிறவர்களின் கட்டணத்திலேயே கட்ட முடியாதவர்களுக்கும் ஆபரேஷன் நடக்கிறது, நானும் கும்பிடுகிறேன். ஆனால் கண்புரை ஆபரேஷன் நாள் குறித்துச் செய்வது, பகலில் செய்வது, ஒரே மாதிரி ஆயிரக்கணக்கில் செய்வது. பணம் உள்ளவரும் பஸ் ஏறி அங்கே தேடிப் போவார். எங்களிடம் வருவது பாம்புக்கடி, பூச்சிமருந்து குடித்தவர், தலை வெளியே வந்து தோள் மாட்டிக்கொண்ட குழந்தை. ஒன்றைப் போல் ஒன்று இருக்காது, எதுவும் நாள் குறித்து வராது. இந்தப் பக்கத்தில் வசதியுள்ள நாலு குடும்பமும் தலைவலி வந்தால் காரை எடுத்துக்கொண்டு டவுனுக்குப் போய்விடும். குறுக்கு மானியம் என்றால் ஒரு பக்கமாவது பணம் இருக்க வேண்டுமே.

அரசாங்கம் இருக்கிறதே என்று இன்னொருவர். இருக்கிறது. தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களை நான் குறைத்துப் பேச மாட்டேன், அங்கே இருக்கும் சிஸ்டர்களும் நாங்களும் ஒரு குடும்பம் மாதிரி, 108 வண்டி வராவிட்டால் எங்கள் பாதி வேலை நடக்காது. ஆனால் மழையில் மலைப்பாதை துண்டிக்கப்பட்டால் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நாங்கள் மட்டும்தான்.

இந்த மாதிரி இடங்களில் எது நிலைத்து நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் தர்மபுரி மாவட்டத்துச் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவில் இருக்கிற சிட்டிலிங்கியைப் போய்ப் பாருங்கள். ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி என்ற டாக்டர் தம்பதி 1993இல் ஒரு குடிசையில் தொடங்கியது. அவர்கள் உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்து நர்ஸ்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான், ஆதிவாசிப் பெண்களே நர்ஸ்கள். வெளியூரிலிருந்து சிஸ்டர் வந்தால் இரண்டு வருடம் அனுபவம் சேர்த்துக்கொண்டு வளைகுடாவுக்குப் போய்விடுகிறார். போகட்டும், அவர் வீட்டுக் கடனுக்கு நாங்களா பதில் சொல்வது? உள்ளூர்ப் பெண் அவ்வளவு சுலபத்தில் போக மாட்டாள். பாம்பு கடித்து வருகிறவர் அவளுக்குச் சித்தப்பா முறையாக இருப்பார். அப்படி ஒரு பெண்ணுக்கு நர்சிங் படிப்புச் செலவும், படித்து வந்த பின் முதல் மூன்று வருடச் சம்பளமும் யாராவது ஏற்றுக்கொண்டால் அதற்கு ஈடாக எந்த மெஷினையும் நான் கேட்க மாட்டேன். இதைக் கொஞ்சம் யோசியுங்கள்.

சட்டச் சங்கதி கொஞ்சம் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நல்ல மனசு வீணாகிறது. உங்கள் சங்கம் வெளிநாட்டில் பதிவானது, அதனால் சங்கத்தின் பணம் வெளிநாட்டு நன்கொடை. அது எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்படி பதிவோ முன் அனுமதியோ உள்ள அமைப்புக்குத்தான் வர முடியும், 2020 திருத்தத்துக்குப் பிறகு ஸ்டேட் பாங்க் புதுடெல்லி மெயின் பிராஞ்சில் உள்ள கணக்கு வழியாக மட்டுமே. எங்களுக்குப் பதிவு இருக்கிறது. வாங்கியதை இன்னொரு அமைப்புக்கு நாங்கள் பிரித்துக் கொடுக்க முடியாது, ஆகவே "பக்கத்து ஊர் டிரஸ்டுக்கும் கொஞ்சம் தள்ளிவிடுங்கள்" என்று எழுதாதீர்கள். மெஷினாக அனுப்பினாலும் அது வெளிநாட்டு நன்கொடைக் கணக்கில்தான் வரும். இன்னும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது அந்தக் கணக்கில் சேராது, அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் சேரும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் சேரும். ஒரே வீட்டில் புருஷனுக்கு ஒரு கணக்கு எண், பெண்டாட்டிக்கு வேறு கணக்கு எண் என்று நான் அனுப்பினால் தப்பாக நினைக்காதீர்கள்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஒரு விதி உண்டு, முன்பு 50 ஆக இருந்தது. அதைக் கேள்விப்பட்டு, "சம்பளம் நிர்வாகச் செலவு ஆச்சே, நாங்கள் எப்படிக் கொடுப்பது" என்கிறார்கள். அதே எஃப்சிஆர்ஏ விதிகள், ஆஸ்பத்திரி டாக்டரின் சம்பளம் நிர்வாகச் செலவில் சேராது என்று வாய்விட்டே சொல்லியிருக்கின்றன, நோக்கத்தை நேரடியாக நிறைவேற்றும் வேலைக்கான செலவு அது. சட்டத்துக்கே புரிந்துவிட்டது. என் சம்பளத்தை வேண்டுமானால் நிர்வாகத்தில் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபமில்லை.

உள்நாட்டில் இருக்கும் உறுப்பினர்களுக்கு: 80ஜி என்று சொல்லிப் பழகிய வரிச் சலுகை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது, புது வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. கிடையாது என்று தெரிந்ததும் நிறுத்திவிட்டவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, வெளியிட மாட்டேன், பயப்பட வேண்டாம்.

அப்போ என்னதான் கேட்கிறாய் என்பீர்கள். மூன்று வருடத்துக்கு மாதா மாதம் ஒரு தொகை, எவ்வளவு என்று நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் நிற்காமல் வர வேண்டும். திடீரென்று வரும் பெரிய தொகையை வைத்து ஓர் ஆளை வேலைக்கு எடுக்க எனக்குத் துணிச்சல் வராது, அடுத்த வருடம் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? இரண்டு சிஸ்டர் சம்பளம் நிச்சயம் என்றால் இரண்டு பேரை எடுப்பேன். அவ்வளவு முடியாது என்றால் ஜெனரேட்டருக்கு டீசல், பிரசவ அறை ஃபிரிட்ஜுக்கு யுபிஎஸ். பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசின் இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டும், கரண்ட் போய்ப் போய் வந்தால் ஊசி பார்க்க நன்றாகத்தான் இருக்கும், வேலை செய்யாது. அது தெரியவரும் நேரம் நல்ல நேரமாக இருக்காது. இல்லை, மொத்தமாகத்தான் கொடுப்போம் என்றால் மூலநிதியாகக் கொடுங்கள், "இது மூலநிதிக்கு" என்று ஒரு வரி எழுத்தில் தர வேண்டும். அப்படி எழுதாவிட்டால் அது அந்த வருட வருமானம் ஆகிவிடும், வருமானத்தில் 85 சதவீதத்தைப் பொதுவாக அந்த வருடமே செலவழிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தால் வங்கியில் போட்டு வட்டியில் ராத்திரியை ஓட்டுவேன். பேராடு மாதிரி.

பதிலுக்கு நான் என்ன தருவேன் என்றும் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் படம் தர மாட்டேன். ஒரு தடவை ஒரு குழுவினர், குழந்தை பெற்ற மறுநாள் ஒரு பெண்ணை எழுப்பி நிற்கவைத்து, பழக்கூடையைக் கையில் கொடுத்து, சிரிக்கச் சொல்லி நாலு தடவை எடுத்தார்கள். தையல் போட்ட உடம்பு. அவளும் சிரித்தாள், வேறு என்ன செய்வாள். அன்றைக்கு நான் வாய் திறக்காமல் இருந்தது இன்னும் உறுத்துகிறது. நான் தருவது மாதம் ஒரு தாள்: டியூட்டி சார்ட்டில் எத்தனை ராத்திரி முழு ஆள் இருந்தது, எத்தனை ராத்திரி ஒருவர் குறைவு, ராத்திரி பத்திலிருந்து காலை ஆறு வரை எத்தனை பேர் வந்தார்கள், எந்த மருந்து எத்தனை நாள் கையிருப்பில் இல்லாமல் போனது. வருடக் கடைசியில் ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட கணக்கு. அதில் எந்த வரியை வேண்டுமானாலும் தோண்டிக் கேளுங்கள், கேட்காத நன்கொடையாளரைவிடக் கேட்கிற நன்கொடையாளர்தான் எனக்கு வசதி, என் கணக்கும் ஒழுங்காக இருக்கும். நீங்கள் ஊருக்கு வரும்போது சொல்லாமல் வாருங்கள், ராத்திரி பத்து மணிக்கு மேல் வாருங்கள். பகலில் வந்தால் கட்டடத்தைத்தான் காட்டுவோம்.

அடுத்த மாத டியூட்டி சார்ட் என் எதிரில்தான் இருக்கிறது. 9ஆம் தேதி ராத்திரியும் 23ஆம் தேதி ராத்திரியும் பிரசவ அறைக் கட்டத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறார் டாக்டரம்மா.

இப்படிக்கு,
ஸ்டோர் சாவி வைத்திருப்பவன்

பி.கு.: இந்தியாவில் இருந்து அனுப்புகிறவர்கள் பான் எண்ணைச் சேர்த்து அனுப்புங்கள், தயவுசெய்து. அடையாள எண் எதுவும் இல்லாமல் வருடக் கடைசியில் வரிச் சலுகைக்கான சான்றிதழ் போட முடியாது, அப்புறம் ஏப்ரல் மே மாதத்தில் ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருப்பதே என் வேலையாகிவிடுகிறது. "அன்பளிப்பு, பெயர் வேண்டாம்" என்று மட்டும் குறிப்பெழுதி அனுப்பிய புண்ணியவான் யாரென்று இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை.